ஒரு சைஸ் பெரிய டைட்ஸ்

என் வாழ்நாளில் எத்தனை கால்களுக்குக் காலுறை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலை செய்தவள் நான். ஆறரை மணிக்கு உள்ளே போனால் முதல் வேலை, வயோதிபர்கள் கட்டிலை விட்டு இறங்குமுன் அவர்களுடைய கால்களுக்கு இறுக்குக் காலுறை மாட்டிவிடுவதுதான். அது சாதாரணக் காலுறை அல்ல. கணுக்காலில் நன்றாகக் கவ்விப் பிடிக்கும், மேலே போகப் போக இறுக்கம் குறையும், காலில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளிவிடும். அதைப் போட்டுவிடப் பாத்திரம் கழுவுகிற ரப்பர்க் கையுறை வேண்டும், கைப்பலம் வேண்டும், கொஞ்சம் வாயும் வேண்டும். "ஒரு சைஸ் பெரிதாகத் தாவேன், மகளே" என்று கெஞ்சுகிற கிழவிகளிடம் நான் இரங்கியதே கிடையாது. தளர்வாக இருந்தால் அது காலுறை இல்லை, சாக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். ஓர் இடத்தில் மடிப்பு விழுந்தாலும் முழுவதையும் கழற்றி முதலிலிருந்து போடுவேன். இவ்வளவு வாய் பேசிய நான்தான் ஒரு விளையாட்டுக் கடையில் போய்ப் பெரிய முட்டாள்தனம் செய்துவிட்டு வந்தேன். இரண்டாயிரத்துகளின் பின்பாதியில் நடந்தது.

அந்த வருடம் மகள் எட்டாம் வகுப்பு. வகுப்போடு ஐந்து நாள் பனிச்சறுக்கப் போவதாகப் பள்ளிக்கூடத்தால் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அவள் அதைச் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குக் கீழே வைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டாள். கேட்டுப் பிரயோசனமில்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னும் இரண்டு வகுப்புப் பயணங்கள் வந்தன. இரண்டுக்கும் அவளுக்குக் காய்ச்சல். உடம்பில் வந்த காய்ச்சல் இல்லை, அவளுடைய அப்பா கைப்பட எழுதிக் கொடுத்த காய்ச்சல்.

அங்கே குடியேறிய எங்கள் தமிழ் ஆட்களிடம் அப்போது இது ஒரு வழக்கமாகவே இருந்தது. பெண்பிள்ளையை வெளியில் இரவு தங்க விடமாட்டோம் என்று வாத்தியாருக்குச் சொல்ல வெட்கம். சொன்னால் அவர்கள் கூப்பிட்டுப் புத்தி சொல்வார்கள். ஆகவே பயணத்துக்கு முதல்நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும். இவர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முத்து முத்தான எழுத்தில், ஒரு பிழையில்லாத ஜெர்மன் கடிதம் எழுதுவார். கீழே நானும் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகுதான் கொடுமை. காய்ச்சல் என்று எழுதிவிட்டால் பிள்ளை வெளியே தலைகாட்டக் கூடாது, யாராவது கண்டுவிடுவார்கள். ஒரு நோயும் இல்லாத பிள்ளை, வாரம் முழுக்கத் திரைச்சீலையை இழுத்துவிட்டு வீட்டுக்குள் கிடந்தாள். இரண்டாவது தரம் அவள் அழக்கூட இல்லை. அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

மூன்றாவது காய்ச்சலுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று எனக்குள் தீர்மானித்திருந்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து வகுப்பாசிரியை தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிதாகச் சறுக்கப் பழகுகிற பிள்ளைகளின் குழுவோடு, ஒருவரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு கடைசி ஆளாக வர ஒரு தாய் வேண்டுமாம், சறுக்கத் தெரிந்திருக்கத் தேவையில்லையாம், பிள்ளைகளோடு சேர்ந்து பழகிக்கொள்ளலாமாம். நான் யோசிக்காமலே, இவரிடமும் கேளாமலே, ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"உமக்கென்ன விசரே? நாப்பத்திரண்டு வயசில பனியில சறுக்கப் போறீரோ?"

"அப்ப அவளைத் தனிய விடுங்கோ."

அவர் கழற்றிய சப்பாத்துகளைச் சுவரோரம் ஒழுங்காக அடுக்கி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். உலகத்தில் நடக்கக்கூடிய கெட்டது எல்லாம் தன் மகளுக்குத்தான் நடக்கும் என்று நம்புகிறவர்.

"சரி. நீர் போறதெண்டால் அவள் போகட்டும். ஆனா உமக்கு ஏலாமல் போனால் அண்டைக்கே ரெண்டு பேரும் வந்திட வேணும். அவள் தனிய அங்க நிக்கக் கூடாது."

அறைக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது எனக்குத் தெரியும். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆக, எல்லாம் என்னுடைய இரண்டு கால்களில் வந்து நின்றது. கால்கள் ஐந்து நாள் தாங்கினால் அவளுக்குப் பயணம். தாங்காவிட்டால் மறுபடியும் திரைச்சீலை.

நாங்கள் அப்போது கார்ல்ஸ்ரூஹேயில் இருந்தோம். கால்களைச் சோதித்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைப் பக்கம் ஒரு சின்னச் சரிவுக்குப் போய் இரண்டு மணித்தியாலம் பழகினேன். பழகினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்தேன், எழும்பினேன், திரும்ப விழுந்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் வேலையிடத்துப் படியில் இறங்கப் பார்க்கிறேன், ஐயோ கடவுளே, தொடை இரண்டும் என்னுடையவை இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன். பிடித்து நடக்கிற தள்ளுவண்டியோடு நின்ற ஒரு கிழவர், "இன்றைக்கு நான் உன்னைப் பிடிக்கவா?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இதைப் பார்த்துச் சிரித்த ஒரு ஜெர்மன்காரி என்னோடு வேலை செய்தாள். நடக்கத் தொடங்கியதோடு சறுக்கவும் தொடங்கியவள். பனிக் காற்சட்டைக்கு உள்ளே கம்ப்ரெஷன் டைட்ஸ் போடு என்றாள். தசையைக் கட்டிப் பிடித்து வைத்திருக்குமாம், சறுக்கும்போது தொடை அதிராதாம், களைப்புக் குறையுமாம், அடுத்த நாள் நோவும் இவ்வளவு இராதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே தாயே நான் தினமும் மற்றவர்களுக்குப் போட்டுவிடுகிறேன்? ஆனால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை மகளோடு கடைக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்க டைட்ஸ் தொங்கியது. கணுக்கால்வரை நீண்டது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிவது, உள்ளே பஞ்சு மாதிரி இருப்பது, வெறும் மெல்லியது. அதில் நின்ற விற்பனையாளன் இருபத்தைந்து வயதுக்கு மேல் இல்லாத ஒரு பெடியன். நல்ல மரியாதையான பெடியன். கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, கணுக்கால், கெண்டைக்கால், தொடை மூன்றையும் அளந்தால்தான் சரியான சைஸ் சொல்லலாம் என்றான். தொடையையா? என் தொடையை இவன் அளப்பதா? மகளுக்கு முன்னாலா? "தேவையில்லை, நான் இந்தத் துறையில் வேலை செய்கிறவள்" என்று ஜெர்மனில் கெத்தாகச் சொல்லி அவனை அனுப்பிவிட்டேன்.

பிறகு ஸ்மால், மீடியம், லார்ஜ் மூன்றையும் எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போனேன். ஸ்மால் முழங்காலுக்கு மேலே வர மறுத்தது. ஒரு காலில் நின்று இழுத்து, சுவரில் முட்டி, மூச்சு வாங்கி, வியர்த்துக் கொட்டியது. வெளியிலிருந்து மகள் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, முடிஞ்சுதே? எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். நீ கதைக்காதை."

மீடியம் இடுப்புவரை வந்தது, ஆனால் என்னை யாரோ பிடித்து வைத்திருக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் லார்ஜைப் போட்டேன். ஆகா! சுகமாக வழுக்கிக்கொண்டு ஏறியது. கணுக்காலில் ஒரு சாண் மிச்சம் நின்றது, அதனாலென்ன, மடித்துவிடலாம். எங்கள் வீடுகளில் உடுப்பு வாங்குவது அப்படித்தானே. பள்ளிக்கூடச் சட்டை என்றாலும் கல்யாணச் சட்டை என்றாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான். வளர்ந்தாலும் போடலாம், துவைத்தால் சுருங்கும், கீழே மடித்துத் தைத்தால் போதும். நான் வளரப் போவதில்லை என்பது மட்டும் அந்த நேரம் மூளைக்கு எட்டவில்லை.

"கொஞ்சம் பெரிசெல்லோ அம்மா?" என்றாள் மகள்.

"துவைச்சால் சுருங்கும், பிள்ளை."

காசாளர் மேசையில் அந்தப் பெடியன் லார்ஜைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நான் துறைசார்ந்தவள் அல்லவா.

பெப்ரவரியில் பயணம். மலையில் ஒரு பழைய விடுதி. பிள்ளைகளுக்கு ஆறு கட்டில் அறைகள், எனக்குப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. முதல்நாளே டைட்ஸ் தன் குணத்தைக் காட்டியது. மூன்று தரம் துவைத்தும் சுருங்காத சனியன், முழங்காலில் யானைத்தோல் மாதிரிச் சுருண்டு நின்றது. இடுப்பு இறங்கிக்கொண்டே போனது. சரிவில் நின்று, பெரிய பனிக் காற்சட்டைக்கு மேலால் அதைப் பிடித்து இழுக்கிறேன், ஒரு கையில் இரண்டு கோல்கள், பக்கத்தால் பொடியள் சறுக்கிப் போகிறார்கள். கணுக்காலில் மிச்சம் நின்றதை இரண்டு மடிப்பு மடித்து, மேலே கம்பளிக் காலுறையையும் போட்டுச் சப்பாத்துக்குள் திணித்திருந்தேன். பனிச்சறுக்குச் சப்பாத்து என்பது இரும்புப் பெட்டிதான், துளியும் விட்டுக்கொடுக்காது. மாலையில் கழற்றிப் பார்த்தால் இரண்டு காலிலும் மடிப்பு விழுந்த இடத்தில் சிவப்பாக வளையம். ஒரு மடிப்புக்காக முழுக் காலுறையையும் கழற்றுகிறவளின் கால்கள் அவை.

மகளோ, எனக்குக் கிடைத்த அடியெல்லாம் அவளுக்கு வரமாகப் போனமாதிரி, இரண்டாம் நாளே விழாமல் சறுக்கி நேராகக் கீழே வந்து நின்றாள். அதைவிடப் பெரிய விஷயம் இரவுச் சாப்பாட்டில் நடந்தது. நான் ஆசிரியர்களின் மேசையில் இருந்து பார்க்கிறேன், அவள் ஒரு நீள மேசையின் நடுவில் இருக்கிறாள். ஓரத்தில் இல்லை, நடுவில். யாரோ எதையோ சொல்ல, வாயில் சாப்பாட்டோடு சிரிக்கிறாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு இவர் தொலைபேசியில் வருவார்.

"எப்பிடி? கால் நோகேல்லையோ?"

"சீச்சீ. சோக்கா இருக்குது. நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ?"

இதைச் சொல்லும்போது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் காலை கண் விழித்தேன். எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. தொடை கல்லாகக் கிடந்தது. முழங்காலை மடக்கினால் உயிர் போய் வந்தது. சப்பாத்துக் கடித்த வளையங்கள் வீங்கியிருந்தன. என்னை நானே திட்டிக்கொண்டு அப்படியே கிடந்தேன். காலைச் சாப்பாட்டுக்கு நான் வரவில்லை என்று பார்க்க மகள் வந்தாள்.

"ஏலாது பிள்ளை," என்றேன். "ஏலாமல் போச்சு. அப்பாவுக்குச் சொல்லுவம்."

அவள் கதவடியில் நின்றாள். அழவில்லை, கோபிக்கவில்லை.

"திரும்பவும் காய்ச்சலோ அம்மா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். யாராவது எனக்குக் கன்னத்தில் அடித்திருந்தால் அது பரவாயில்லை. நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அவள் உள்ளே வரும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பிறகு சூடாக்கியில் காயப்போட்டிருந்த டைட்ஸை அவள் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது தெரிந்தது. இரண்டு கையாலும் அகலமாக இழுத்தாள்.

"இதுக்குள்ள ரெண்டு அம்மா போகலாம்."

"துவைச்சால் சுருங்குமெண்டு..."

"அது பருத்தி, அம்மா. இது பருத்தியே?"

அவள் வெளியே ஓடினாள். எழும்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடினாள். திரும்பி வரும்போது விடுதிக்காரியின் தையல் பெட்டியிலிருந்து ஓர் அளவு நாடாவும், கையில் பேனையும். போர்வையை விலக்கிக் கட்டில் ஓரத்தில் முழங்காலில் இருந்தாள். கணுக்காலைச் சுற்றினாள், உள்ளங்கையில் எழுதினாள். கெண்டைக்கால், எழுதினாள். தொடை, எழுதினாள். மற்றக் காலையும் விடவில்லை. காலையில், கட்டிலை விட்டு இறங்குமுன், கால் வீங்குமுன் அளக்க வேண்டும் என்பது என்னுடைய சட்டம். நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத சட்டம். அந்தச் சட்டத்தை என் கால்களுக்கு ஒருவர் கடைப்பிடித்தது அன்றுதான். இத்தனை வருடத்தில் நானே என் காலை ஒருநாளாவது அளந்து பார்த்ததில்லை.

"உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"சின்னனில ஒருநாள் என்னைப் பாக்க ஆளில்லையெண்டு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள். நான் கதவடியில இருந்து பாத்துக்கொண்டு இருந்தனான்."

ஆசிரியையிடம் கேட்டுவிட்டு, ஒரு தோழியையும் இழுத்துக்கொண்டு, கீழே பனிச்சறுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிற கடைக்குப் போனாள். எங்கள் குழு ஒன்பதரைக்குப் புறப்படும். ஒன்பதுக்கு முன்னம் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"நீங்கள் ஸ்மால், அம்மா."

"விசர்க் கதை கதைக்காதை. நான் என்ரை வாழ்க்கையில ஸ்மாலா இருந்ததில்லை."

"கடைக்காரி மூண்டு தரம் பாத்தவ. நீங்கள் கட்டை எல்லோ, அதுதான்."

பட்டியலில் கை வைத்து உயரம், நிறை, கெண்டைக்கால் எல்லாவற்றையும் பார்த்துக் கடைக்காரி கொடுத்தது முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிகிற ரகம். சப்பாத்துக்குள் போகவே போகாது. அங்கே ஒரே ஒரு சோடிக் காலுறை மட்டும், மெல்லியது, மடிப்பில்லாமல். விடுதிச் சமையலறையிலிருந்து மஞ்சள் ரப்பர்க் கையுறையும் வாங்கி வந்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு, துணியைச் சுருக்கிப் பிடித்து, என் கால்வழியே கொஞ்சம் கொஞ்சமாக மேலே தடவி ஏற்றினாள். அன்று கடையில் முழங்காலோடு நின்ற அதே சைஸ் இடுப்புவரை வந்தது. நான் "ஐயோ, இறுக்குது" என்றேன்.

"தளர்வா இருந்தால் அது சாக்கு," என்றாள் என் மகள், என் குரலில்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தோழி எட்டிப் பார்த்தாள்.

நோவு போனதா என்று கேட்டால், போகவில்லை. மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. எழும்பி நின்றபோது கண்ணீர் வந்தது. ஆனால் சரிவில் தொடை முன்னைப்போல வெலவெலக்கவில்லை, சப்பாத்து கடிக்கவில்லை, இடுப்பை இழுக்கிற வேலையும் இல்லை. அடுத்த நாட்களில் புது நோவு பெரிதாகச் சேரவில்லை. டைட்ஸ் செய்த வேலையா, இரவில் சுடுதண்ணீரில் குளித்ததா, என்னுடைய பிடிவாதமா, எனக்குச் சொல்லத் தெரியாது. ஐந்தாம் நாள் குழுவின் வாலாக, புதியவர்களுக்கான நீலப் பாதை முழுவதையும் விழாமல் இறங்கினேன். கீழே வந்து பெருமையோடு மகளைத் தேடினேன். அவள் எனக்காக நிற்கவில்லை. தோழிகளோடு இழுவைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு திரும்ப மேலே போய்க்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் சுட்டது, பொய் சொல்லக் கூடாது. இதற்காகத்தானே வந்தாய் மூதேவி என்று என்னை நானே அடக்கினேன்.

அன்று ஏழு மணிக்கு இவர் கூப்பிட்டபோது உண்மையைச் சொன்னேன். மூன்றாம் நாள் எழும்ப முடியாமல் கிடந்தது, வீட்டுக்கு வர இருந்தது, எல்லாம்.

"அப்ப ஏன் சொல்லேல்லை நீர்?"

"சொல்லியிருந்தால் வரச் சொல்லியிருப்பீங்கள்."

"ஓம், சொல்லியிருப்பன்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "பிள்ளை என்ன சொன்னவள்?"

"திரும்பவும் காய்ச்சலோ எண்டு கேட்டவள்."

சரி, வைக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அந்த லார்ஜ் வீணாகவில்லை. தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற இவருக்கு அது அளவெடுத்துத் தைத்தமாதிரி இருந்தது. வேலைக் காற்சட்டைக்கு உள்ளே போட்டுக்கொண்டு போவார். யாருக்கும் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை.

அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. பெர்லினுக்குப் பயணம், நான்கு இரவு. இந்தத் தரமும் படிவம் உப்புப் போத்தலுக்குக் கீழே வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, என் ஸ்மால் டைட்ஸ் அலமாரியில் தயாராக இருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் இவர் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுப் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். துணைக்கு வரும் பெற்றோர் என்ற இடத்தில் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிள்ளைக்கு ஏதாவது நோய் உண்டா என்று கீழே ஒரு கேள்வி இருந்தது. அதில் பேனை நீண்ட நேரம் நின்றது. பிறகு, இல்லை என்று எழுதினார். அடியில் இரண்டு கோடு கீறினார். பேனையை அழுத்திய அழுத்தத்தில் கீழே இருந்த மேசைவிரிப்பிலும் அந்தக் கோடுகள் பதிந்தன.

"இஞ்ச வா பிள்ளை," என்று அவளைக் கூப்பிட்டார். "வடிவாப் பார். சரியே?"

அவள் வந்து பார்த்தாள். அந்த ஒற்றைச் சொல்லை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தாள். "ஓம் அப்பா, சரி," என்றாள்.